நெடுங்கால் ஈயைக் குடும்பம் வரை இனங்காணுதல்: தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிக்கான முழுமையான வழிகாட்டி

மழை பெய்து ஓய்ந்த மாலையில் வீட்டுத் திண்ணை விளக்கைச் சுற்றி, நீண்ட கால்களைத் தொங்கவிட்டபடி சுவரில் மோதி மோதிப் பறக்கும் பூச்சியைப் பலரும் ‘பெரிய கொசு’ என்று அடித்துவிடுகிறார்கள். கிரேன் ஃபிளை என்று பூச்சியியலார் குறிப்பிடும் இந்த நெடுங்கால் ஈ கடிப்பதில்லை. இரத்தம் உறிஞ்சும் வாயுறுப்பே அதற்குக் கிடையாது. கொசுக்களைப் பிடித்துத் தின்னும் என்ற நம்பிக்கையும் தவறானது. உலகில் 15,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் விவரிக்கப்பட்டுள்ள இப்பெருங்கூட்டத்தில், கையில் கிடைத்த ஒன்று எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது, முடிந்தால் எந்தத் துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது என்று தீர்மானிக்கும் முறையை இவ்வழிகாட்டி படிப்படியாகக் கூறுகிறது.

புதிதாகத் தொடங்குவோரில் பெரும்பாலானோர் நிறத்திலும் உருவ அளவிலும் தொடங்கி, சிற்றினப் பெயரில் முடிக்க முயல்கிறார்கள். அந்த வரிசைதான் அவர்களைத் தடுமாற வைக்கிறது. கீழுள்ள படிகள் எளிதில் அழியக்கூடிய தகவலை முதலிலும், எப்போது வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய தகவலைப் பின்னரும் வைத்து அடுக்கப்பட்டிருப்பதால், இடையில் ஒன்றைத் தாண்டிச் செல்ல வேண்டாம்.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று இன்றியமையாதது. இருபது முதல் நாற்பது மடங்கு வரை காட்டும் ஸ்டீரியோ நுண்ணோக்கி, அருகிலுள்ள கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் கேட்டுப் பெறக்கூடியதாக இருந்தால், ஆறாம் படியிலிருந்து வேலை பெரிதும் எளிதாகும். கைப்பேசியின் கேமராவில் மாட்டும் மேக்ரோ லென்ஸும் உதவும். ஆனால் அது கைலென்ஸுக்கு மாற்றாகாது, ஏனெனில் பூச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது தெரிகிற மேடுபள்ளம் ஒற்றைப் படத்தில் தெரிவதில்லை.

இவற்றுடன் அகன்ற வாயுள்ள கண்ணாடிக் குப்பிகள், மெல்லிய முனையுள்ள சாமணம், முக்கோணமாக மடித்த பட்டர் பேப்பர் உறைகள், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், பென்சில் ஆகியன தேவை. பென்சில்தான் வேண்டும்; பேனா மை ஈரத்திலும் ஆல்கஹாலிலும் கரைந்து, எங்கே எப்போது பிடித்தது என்ற தகவலையே அழித்துவிடும்.

2. இடமும் நேரமும்

நெடுங்கால் ஈக்களின் இளம்புழுக்களில் பெரும்பாலானவை ஈர மண்ணிலும், நீரோடைச் சேற்றிலும், மட்கிய மரத்திலும், பாசியிலும் வாழ்பவை. ஆகவே ஈரம் எங்கே நிலைத்து நிற்கிறதோ அங்கேதான் தேட வேண்டும். கிருஷ்ணகிரி அணையின் பாசனக் கால்வாய் ஓரங்கள், தென்பெண்ணைக் கரை வயல்கள், பாரூர் ஏரியின் கீழுள்ள நெல்வயல்கள் ஆகியவை சமவெளிக்கு ஏற்றவை. வத்தல்மலையிலும் சித்தேரி மலையிலும் நிழல் விழும் ஓடைகள், நீர் கசியும் பாறை முகங்கள் ஆகியவை வேறு வகைகளைத் தரும். வறண்ட மானாவாரி நிலத்திலும் மாந்தோப்பின் நடுவிலும் கோடையில் தேடுவது வீண் அலைச்சல்.

தென்மேற்குப் பருவக் காலத்தின் மாலை மழைக்குப் பின்னரும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்திலும் தேடல் நல்ல பலன் தரும். முதிர்ந்த ஈ சில நாட்களே வாழ்வதால், சென்ற வாரம் நிறைய இருந்த இடம் இந்த வாரம் வெறுமையாக இருப்பதில் வியப்பில்லை.

விளக்கு வைத்துப் பிடிக்க விரும்புவோர் வெள்ளை வேட்டியைக் கட்டி, அதன் முன் பழைய வகை டியூப் லைட்டையோ புற ஊதா விளக்கையோ வைக்க வேண்டும். வீடுகளில் பயன்படும் எல்.இ.டி. விளக்குகள் புற ஊதாக் கதிரை மிகக் குறைவாகவே வெளியிடுவதால் அவற்றுக்குப் பூச்சிகள் குறைவாகவே வரும்.

காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம், காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் ஆகியவற்றுக்குள்ளும் காப்புக் காடுகளுக்குள்ளும் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் எந்தப் பூச்சியையும் பிடிக்கக் கூடாது. அனுமதி இருந்தாலும் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஒகேனக்கல் பக்கக் காடுகளின் ஓரத்தில் இரவில் விளக்குத் துணி கட்டுவது அறிவுடைமை ஆகாது. அவை யானைகள் நடமாடும் இடங்கள். சொந்த நிலம், வீட்டுத் தோட்டம், உரிமையாளர் ஒப்புக்கொண்ட வயல் ஆகியவற்றிலேயே ஓராண்டுக்குப் போதுமான வேலை இருக்கிறது.

3. பிடிக்கும் முன் உயிருடன் பதிவு செய்தல்

இப்படியைத்தான் எல்லோரும் தாண்டுகிறார்கள். நெடுங்கால் ஈயின் கால், தொடை தொடங்கும் மூட்டிலேயே எளிதில் கழன்றுவிடும். எதிரியிடமிருந்து தப்புவதற்கு அதற்கு வாய்த்த வழி அது. கையால் பிடித்த பூச்சிக்கு ஆறு கால்களும் மிஞ்சுவது அரிது. எனவே தொடுவதற்கு முன் மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், முகத்தை நோக்கி ஒரு படம் எடுத்துவிட வேண்டும்.

அமர்ந்திருக்கும் நிலையையும் எழுதி வைக்க வேண்டும். இறக்கைகளை இரு பக்கமும் விரித்து வைத்திருக்கிறதா, முதுகின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வைத்திருக்கிறதா என்பது பயனுள்ள குறிப்பு. நெடுங்கால் ஈக்களின் இரு பெரிய குடும்பங்களில், டிப்புலிடேயில் பல விரித்து வைக்கும்; லிமோனிடேயில் பல மடித்து வைக்கும். இரண்டிலும் விதிவிலக்குகள் ஏராளம் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. பழக்கங்களும் உதவும். சிலந்தி நூலில் முன்கால்களால் தொற்றி வரிசையாகத் தொங்கும் சிறிய ஈக்களைப் பாறையிடுக்கிலோ பாலத்தின் அடியிலோ கண்டால், அவை லிமோனிடேயின் டிரென்டெபோலியா பேரினமாக இருக்க வாய்ப்புண்டு. பூச்சி குப்பிக்குள் போனபின் இத்தகவலை எந்த நுண்ணோக்கியும் திருப்பித் தராது.

4. நெடுங்கால் ஈதானா என்று உறுதி செய்தல்

முதலில் இறக்கைகளை எண்ண வேண்டும். இரண்டு இறக்கைகளும், அவற்றுக்குப் பின்னால் குண்டூசித் தலையளவில் ஒரு சோடிச் சமநிலைக் குமிழ்களும் இருந்தால் அது ஈக்களின் வரிசையான டிப்டெராவைச் சேர்ந்தது. நான்கு இறக்கைகளுடன் இதே தோற்றத்தில் செடியில் தொங்கும் பிட்டாசிடே பூச்சிகள் வேறு வரிசையைச் சேர்ந்தவை. அவை பிற பூச்சிகளைப் பிடித்துத் தின்பவை. நெடுங்கால் ஈ கொசு தின்னும் என்ற நம்பிக்கைக்கு இந்த உருவ ஒற்றுமையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

அடுத்து மார்பின் மேற்புறம். நடுமார்பின் முதுகில் வி எழுத்தின் வடிவில் ஒரு தெளிவான பள்ளக்கோடு குறுக்கே ஓடும். அதன் கூர்முனை பின்னோக்கி இருக்கும். இது தெரிவதற்கு ஒளியைப் பக்கவாட்டிலிருந்து சாய்வாகப் பாய்ச்ச வேண்டும். நேர் மேலிருந்து ஃபிளாஷ் அடித்தால் பள்ளம் மறைந்து, மார்பின் நிறக்கோடுகள் மட்டும் தெரியும். புதியவர்கள் அந்த நிறக்கோட்டையே பள்ளக்கோடு என்று எழுதிவிடுவார்கள்.

மூன்றாவதாகத் தலையின் உச்சி. கூட்டுக்கண்களுக்கு நடுவே சிறுமணிகளாகத் தனிக்கண்கள் இருந்தால் அது நெடுங்கால் ஈ அன்று. குளிர்கால நெடுங்கால் ஈக்கள் எனப்படும் டிரிக்கோசெரிடே குடும்பத்துக்குத் தனிக்கண்கள் உண்டு. அவை குளிர்ப் பகுதிகளுக்கு உரியவை.

நான்காவதாக இறக்கையின் பின்னோரம். அங்கே கடைசியாக ஓடும் ஏனல் நரம்புகள் இரண்டும் இறக்கையின் விளிம்பைத் தொட வேண்டும். கொசுவிலும், விளக்கில் கூட்டமாக வந்து விழும் கைரோனமிடே ஈக்களிலும், டிக்கோப்டெரிடே என்ற இன்னொரு ஈக் குடும்பத்திலும் ஒன்றுதான் விளிம்பைத் தொடும். இங்கே ஒரு பொறி உண்டு: ஏனல் நரம்புகளுக்கு முன்னால் உள்ள கியூபிடஸ் நரம்பை ஒட்டி அதன் பின்னால் ஒரு மடிப்புக் கோடு ஓடும், அதை நரம்பென்று எண்ணினால் கணக்கு ஒன்று கூடிவிடும். இறக்கையின் பின்னாலிருந்து ஒளி வரும்படி பிடித்தால் உண்மையான நரம்பு கருத்துத் தடித்துத் தெரியும்; மடிப்பு மங்கிவிடும்.

கொசுவின் நரம்புகளில் செதில்கள் படர்ந்திருப்பதும் கூடுதல் அடையாளம். ஆனால் நீண்ட வாயைக் கண்டு மட்டும் கொசு என்று தள்ளிவிட வேண்டாம். லிமோனிடேயின் ஜெரனோமையா பேரினத்துக்கு ஊசி போன்ற நீண்ட வாயுறுப்பு உண்டு. அது பூந்தேனை உறிஞ்சுவதற்கானது.

5. கொல்லுதல், உலர்த்துதல், உறையிடுதல்

நான்காம் படியில் தேறியதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும், தேறாததைப் பறக்கவிடலாம். குப்பியோடு ஓர் இரவு உறைபெட்டியில் வைத்தால் போதும். எத்தில் அசிடேட் வேகமாக வேலை செய்யும். ஆனால் சிறுவர்கள் உள்ள வீட்டில் அதை வைத்திருக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இறந்த பூச்சியை ஆல்கஹாலில் போடுவது புதியவர்களின் முதல் எண்ணம். ஆல்கஹாலில் நிறமும் மார்புக் கோடுகளும் நாளடைவில் மங்கும். கால்கள் கழன்று குப்பிக்குள் மற்றவற்றோடு கலக்கும். ஆகவே முதிர்ந்த ஈயை உலர்வாக, ஓர் உறைக்கு ஒன்றாகப் பட்டர் பேப்பரில் வைப்பதே நல்லது. கழன்ற கால்களைத் தூக்கி எறியாமல் அதே உறைக்குள் போட வேண்டும். எட்டாம் படியில் காலின் ஒரு பகுதி தேவைப்படும்.

ஊசி குத்தும் ஆசையை அடக்க வேண்டும். மெலிந்த மார்பில் ஊசி ஏறினால் நாம் பார்க்க வேண்டிய பள்ளக்கோடே சிதையும்.

உறையின் மேல், பூச்சியை உள்ளே வைப்பதற்கு முன்பே, ஊர், வட்டம், மாவட்டம், கைப்பேசி காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, நாள், பிடித்த விதம், பிடித்தவர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுத வேண்டும். பூச்சி உள்ளே இருக்கும்போது எழுதினால் பென்சில் அழுத்தத்தில் அது நொறுங்கும். பின்னர் சிலிக்கா ஜெல்லுடன் டப்பாவில் மூடி, எறும்பு ஏறாத இடத்தில் வைக்க வேண்டும். நம் ஊரில் சேகரிப்புகளை அழிப்பதில் எறும்புக்கும் மழைக்காலப் பூஞ்சணத்துக்கும்தான் முதலிடம்.

6. தலையைப் பார்த்தல்: இரு பெரிய குடும்பங்கள் பிரியும் இடம்

நெடுங்கால் ஈக்களின் பெருங்குடும்பமான டிப்புலாய்டியாவில் டிப்புலிடே, லிமோனிடே, பெடிசிடே, சிலிண்ட்ரோடோமிடே என நான்கு குடும்பங்கள் கொள்ளப்படுகின்றன. இவற்றுள் லிமோனிடே 10,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்களுடனும், டிப்புலிடே 4,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்களுடனும் பெரும்பங்கு வகிக்கின்றன. சமவெளியில் கிடைப்பவை அநேகமாக இவ்விரண்டில் ஒன்றாகவே இருக்கும். பெடிசிடே பெரும்பாலும் குளிர்ந்த மலையோடைகளுக்கு உரியது. நூறு சிற்றினங்களைக்கூட எட்டாத சிலிண்ட்ரோடோமிடேயின் புழுக்கள் பெரும்பாலும் பாசியையும் சில செடிகளையும் உண்பவை. அதை வேட்டியில் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

தலையைப் பக்கவாட்டில் திருப்பி, முகம் முன்னோக்கி நீண்டு வாயில் முடியும் பகுதியைக் கைலென்ஸில் பார்க்க வேண்டும். வாயின் இருபுறமும் கணுக்கணுவாகத் தொங்கும் உணர்விழைகளின் கடைசிக் கணுவே திறவுகோல். அது முந்தைய கணுக்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அவற்றைவிட நீண்டு, சாட்டை நுனி போல் வளைந்து தொங்கினால் டிப்புலிடே. முந்தைய கணுவின் அளவிலோ சற்றே நீண்டோ குட்டையாக நின்றால் லிமோனிடே அல்லது பெடிசிடே.

முகநீட்சியின் மேல் நுனியில், டிப்புலிடேயில் பெரும்பாலும், நேசஸ் எனப்படும் சிறு கூர்முனை மயிர்களுடன் நீட்டிக்கொண்டிருக்கும். லிமோனிடேயில் அது இல்லை. டிப்புலிடேயிலும் சிலவற்றுக்கு அது இல்லாததால், இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம், இல்லாததை மட்டும் வைத்து மறுக்கக் கூடாது.

உலர்ந்தபின் உணர்விழைகள் சுருண்டு உடலோடு ஒட்டிக்கொள்வதால், நீளம் தவறாகத் தெரியும். அந்நிலையில் ஈரப் பஞ்சு வைத்த மூடிய டப்பாவில் சில மணி நேரம் பூச்சியை வைத்து மென்மையாக்கிய பிறகே சாமணத்தால் விரிக்க வேண்டும். மூன்றாம் படியில் முகத்தை நோக்கி எடுத்த படம் இங்கேதான் உழைப்பை மிச்சப்படுத்தும்.

7. இறக்கை நரம்புகளால் சரிபார்த்தல்

ஒற்றை அடையாளத்தை நம்பிக் குடும்பம் தீர்மானிப்பது ஆபத்து. எனவே தலை சொன்னதை இறக்கையைக் கொண்டு சோதிக்க வேண்டும். ஓர் இறக்கையை அடியோடு கத்தரித்து இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே வைத்து ஓரங்களை ஒட்டிவிட்டால், நிரந்தரமாகப் பார்க்கத்தக்க மாதிரி கிடைக்கும். தகட்டின் மேல் உறையின் எண்ணை எழுத மறக்கக் கூடாது.

இறக்கையின் முன் விளிம்பே காஸ்டா. அதற்கு அடுத்து ஓடுவது சப்காஸ்டா. டிப்புலிடேயில் பெரும்பாலும் சப்காஸ்டா பின்புறமாக வளைந்து, அடுத்துள்ள ரேடியஸில் போய்ச் சேர்ந்து முடிகிறது. லிமோனிடேயில் அது முன் விளிம்பான காஸ்டாவில் முடிகிறது. ரேடியஸுடன் ஒரு சிறு குறுக்கு நரம்பால் மட்டும் இணைகிறது. தலையும் இறக்கையும் ஒரே குடும்பத்தைக் காட்டினால் அடுத்த படிக்குச் செல்லலாம். முரண்பட்டால் பெரும்பாலும் உணர்விழையைத் தவறாகப் பார்த்திருப்பார்கள். ஆறாம் படிக்குத் திரும்புவதே வழி.

இறக்கையின் புள்ளிகளும் பட்டைகளும் கண்ணைக் கவர்பவை. ஆனால் குடும்பத்தைத் தீர்மானிப்பதில் அவற்றுக்கு இடமில்லை. முன் விளிம்பு நெடுகச் சிறு புள்ளிகள் வரிசையாக அமைந்த கோனோசியா இர்ரொரேட்டா போன்ற ஒன்றிரண்டை மட்டும், பரவலாகக் காணப்படுவதாலும் தோற்றம் தனித்திருப்பதாலும், பழகிய கண் படத்திலேயே அடையாளம் காணும். லிமோனிடேயைச் சேர்ந்த அது ஆப்பிரிக்கா முதல் ஆசியா, ஆஸ்திரேலியா வரை பரவியது; ஈர வயல்களிலும் சதுப்பிலும் வாழும்.

8. துணைக்குடும்பம் வரை செல்லுதல்

இனி நுண்ணோக்கி வேண்டும். முதலில் கூட்டுக்கண்ணின் மேற்பரப்பு. கண்ணின் சிறு கட்டங்களுக்கிடையே குட்டை மயிர்கள் தெரிந்தால் பெடிசிடே. வழுவழுப்பாக இருந்தால் லிமோனிடே. மலையோடையில் பிடித்தவற்றுக்கு இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. தூசியை மயிரென்று எண்ணாதிருக்க, மென்தூரிகையால் ஒருமுறை துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்து, தொடைக்கு அடுத்த நீண்ட பகுதியான டிபியாவின் நுனி. அங்கே முள் போன்ற நீட்சிகள் இருந்தால் லிமோனிடேக்குள் லிம்னோஃபிலினே. இல்லாவிட்டால் லிமோனினே அல்லது கையோனினே. பின்னுள்ள இரண்டையும் பிரிக்க உணர்கொம்பின் கணுக்களை எண்ணலாம்: லிமோனினேயில் பெரும்பாலும் 14, கையோனினேயில் பெரும்பாலும் 16. அடிக்கணு இரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும். நுனியில் இரண்டு கணுக்கள் ஒட்டியிருப்பதுபோல் தெரிந்தால் மறு உணர்கொம்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். லிம்னோஃபிலினேயிலும் எண்ணிக்கை 16 ஆக இருப்பதே வழக்கம். ஆனால் ஓடைகளின் மேல் பறக்கும் ஹெக்ஸடோமா பேரினத்தில் அது 12 அல்லது அதற்கும் குறைவாகச் சுருங்கிவிடும்.

டிப்புலிடேயில் வேலை எளிது. பொதுவாக உணர்கொம்பில் 13 கணுக்கள் இருக்கும். ஆணின் உணர்கொம்பு சீப்புப் பற்களாகக் கிளைத்து, உடல் குளவியின் நிறத்தில் மின்னினால் டீனோஃபோரினே. இந்தியாவில் அதன் செல்லியோஃபோரா பேரினம் உண்டு. நிழலான பாறை விளிம்பின் அடியில் தொங்கும், மிக மெலிந்து நீண்ட கால்களை உடையவை டோலிகோபெசாவாக இருக்கலாம். மஞ்சள் உடலில் பளபளக்கும் கருங்கோடுகளுடன் வருபவை பெரும்பாலும் நெஃப்ரோடோமா. மண்ணிறமும் சாம்பல் நிறமுமாக எஞ்சும் பெருங்கூட்டத்தை டிப்புலினே என்று எழுதி அங்கேயே நிறுத்திவிடலாம்.

9. ஆணா, பெண்ணா

வயிற்றின் நுனி கூர்மையான கடினக் கத்தி போல் முடிந்தால் பெண். அது முட்டையை மண்ணுக்குள் செலுத்தும் உறுப்பு. ஊரில் பலர் அதைக் கொடுக்கு என்று அஞ்சுகிறார்கள், அது கொட்டாது. நுனி தடித்துக் குமிழாக, மடிப்புகளுடன் மேல்நோக்கித் தெரிந்தால் ஆண்.

சிற்றினத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஆணின் இந்த நுனி உறுப்புகளின் வடிவமே. ஆகவே ஒரே இடத்தில் பல கிடைத்தால் ஓர் ஆணையாவது சேகரிப்பில் வைத்திருக்க வேண்டும். அவ்வுறுப்புகளைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்துத் தெளிவாக்கிப் பார்ப்பது ஆய்வக வேலை. தோலை அரிக்கும் இரசாயனம் என்பதால் வீட்டில் முயல வேண்டாம்.

10. இளம்புழு கிடைத்தால்

வரப்பு மண்ணிலோ ஓடை மணலிலோ காலற்ற, தோல் தடித்த, உருளையான புழு கிடைத்தால் அதன் தலையைப் பார்க்க வேண்டும். நெடுங்கால் ஈயின் புழு, தலையை மார்புக்குள் இழுத்துக்கொள்ளும். பின் நுனியில் இரண்டு சுவாசத் துளைகளைச் சுற்றிச் சதைமடல்கள் இருக்கும்: டிப்புலிடேயில் வழக்கமாக ஆறு, லிமோனிடேயில் வழக்கமாக ஐந்து அல்லது அதற்கும் குறைவு.

புழுவை நேராக ஆல்கஹாலில் போட்டால் கறுத்துச் சுருங்கும். கொதிநிலைக்குக் கீழான வெந்நீரில் சிறிது நேரம் இட்டு, உடல் நீண்டபின் 70 முதல் 80 விழுக்காடு ஆல்கஹாலுக்கு மாற்ற வேண்டும். இயன்றால் ஒரு பகுதியை அதே மண்ணோடு வளர்த்து, ஈயாக வெளிவந்தபின் இரண்டையும் ஒரே எண்ணில் சேர்த்து வைப்பது இன்னும் பயன் தரும்; புழுவை மட்டும் கொண்டு பெயர் சொல்வது கடினம்.

11. பெயரை எழுதும் முறை

சில நூல்கள் நான்கு குடும்பங்களையும் தனித்தனியாகக் கொள்கின்றன. வேறு சில அனைத்தையும் டிப்புலிடே என்ற ஒரே குடும்பத்தில் அடக்கி, மற்றவற்றைத் துணைக்குடும்பங்களாக வைக்கின்றன. லிமோனிடே ஒரே மூதாதையின் முழுக் கிளை அன்று என்பதை மரபணு, உருவ ஆய்வுகள் காட்டியதால் இக்கருத்து வேறுபாடு நீடிக்கிறது. எனவே எந்த முறையைப் பின்பற்றினோம் என்பதைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒருமுறை எழுதிவிட்டு, அதையே மாறாமல் பின்பற்ற வேண்டும்.

கைப்பேசிச் செயலிகள் படத்தைப் பார்த்துத் தரும் பரிந்துரையில், ஐரோப்பாவுக்கு உரிய டிப்புலா பாலுடோசா போன்ற பெயர்கள் முதலில் வந்து நிற்பதுண்டு. அப்பெயரை ஏற்றுக்கொண்டு பதிவேற்றினால், இல்லாத ஒன்று நம் மாவட்டத்தில் இருப்பதாகப் பதிவாகும். உறுதியானது குடும்பம் வரை என்றால் குடும்பத்தோடு நிறுத்த வேண்டும். நான்காம் படிக்கு மேல் செல்ல முடியவில்லை என்றால் டிப்புலாய்டியா என்று மட்டும் எழுத வேண்டும். உறையின் பின்புறத்தில் பெயர், தீர்மானித்தவர், தீர்மானித்த ஆண்டு ஆகியவற்றோடு, எந்த அடையாளங்களைப் பார்த்து முடிவெடுத்தோம் என்பதையும் ஒரு வரியில் குறிக்க வேண்டும்: ‘லிமோனிடே, லிமோனினே, உணர்விழை குட்டை, சப்காஸ்டா காஸ்டாவில், டிபியா முள் இல்லை, உணர்கொம்பு 14’. பின்னாளில் வேறொருவர் அம்முடிவை மறுத்தாலும், எந்தக் குறிப்பில் வேறுபடுகிறார் என்பது அந்த வரியிலிருந்தே தெரியும்.